குட்டு யாருக்கு விழுந்தது?

ஓம் சரவணபவ. 

போன மாசம் ஒரு நாள் மத்தியானம், ஆபீஸ் மீட்டிங்ல இருக்கும்போது சித்திகிட்ட இருந்து மூணு மிஸ்டு கால். பயந்துபோய் வெளியே வந்து கூப்பிட்டேன். "உன் தம்பி பண்ணியிருக்கிற காரியத்தை நீயே கேளுடா"ன்னு ஆரம்பிச்சாங்க. சித்தி பையன் பதினொண்ணாவது படிக்கிறான். கணக்கு வாத்தியார் போர்டுல போட்ட கணக்குல ஒரு மைனஸ் குறி விட்டுப்போச்சாம். இவன் எழுந்து சொல்லியிருக்கான். அதோட உட்கார்ந்திருந்தா ஒண்ணுமில்லை. "உங்களுக்கே வரலைன்னா எங்களுக்கு எப்படி சார் வரும்?"னு ஒரு வரியைச் சேர்த்து விட்டிருக்கான். கிளாஸ் மொத்தமும் சிரிச்சிருக்கு. சார் வெளியே போகச் சொல்லிட்டார். இவன் போறப்போ அவரும் ஒரு வார்த்தை விட்டிருக்கார், அதை இங்க எழுத வேண்டாம். வீட்டுல இருந்து யாராவது வரணும், பையன் மன்னிப்பு கேக்கணும், அப்பத்தான் கிளாசுக்குள்ள விடுவோம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. இவன் முடியாதுங்கிறான். மூணு நாளா சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறானாம்.

அன்னிக்கு ராத்திரி அவன் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். வேலோட நிக்கிற முருகன், பின்னாடி உடுக்கைச் சத்தம், கீழ பெரிய எழுத்துல: "பிரம்மனுக்கே குட்டு வெச்சவன்டா எங்க அப்பன்."

சிரிப்பு வந்துடுச்சு. கூடவே கொஞ்சம் வெட்கமும். நான் ஸ்கூல் படிக்கும்போது ஸ்டேட்டஸ்னு ஒண்ணு என் கையில இருந்திருந்தா நானும் இதையேதான் போட்டிருப்பேன்.

நம்ம வயசுக்காரங்களுக்கு முருகனைப் பிடிக்கிறதுக்கு இது ஒரு பெரிய காரணம், ஒத்துக்கணும். பழம் கிடைக்கலைன்னு கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினவர். சுட்ட பழமா சுடாத பழமான்னு கேட்டு ஔவைப் பாட்டியையே மடக்கினவர். படைக்கிற கடவுளைப் பிடிச்சு ஜெயில்ல போட்டவர். பள்ளிக்கூடத்துல தினமும் "வாயை மூடு"ன்னு கேக்குற ஒரு பையனுக்கு இவரைப் பிடிக்காம வேற யாரைப் பிடிக்கும்? அதனால தம்பியோட ஸ்டேட்டஸைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா அவன் போட்டது முப்பது செகண்ட். கந்தபுராணத்துல அந்தக் கதை அந்த முப்பது செகண்டோட முடியல.

காஞ்சிபுரம் கச்சியப்ப சிவாச்சாரியார் தமிழ்ல பாடிக் கொடுத்த கதை இது. தேவர்களோட கயிலாயத்துக்கு வந்த பிரம்மா, சிவபெருமானைக் கும்பிட்டுட்டுத் திரும்பிப் போறார். வழியில குமரன் உட்கார்ந்திருக்கார். சின்னப் பையன்தானேன்னு பிரம்மா கண்டுக்காம நடக்குறார். முருகன் கூப்பிட்டு, என்ன வேலை பாக்குறீங்கன்னு விசாரிக்கிறார். படைக்கிறேன். எதை வெச்சு? வேதத்தை வெச்சு. அப்ப வேதம் சொல்லுங்க. பிரம்மா "ஓம்"னு ஆரம்பிக்கிறார். அங்கேயே நிறுத்தி, இதுக்கு என்ன அர்த்தம்னு ஒரே ஒரு கேள்வி. தினமும் வாயில புழங்குற வார்த்தை. அர்த்தம் தெரியல, முழிக்கிறார். நாலு தலையிலும் குட்டு, அப்புறம் சிறை.

ரீல் இங்க கட் ஆயிடும். புராணம் மேல போகுது.

பிரம்மாவை உள்ளே போட்டாச்சு, சரி. படைப்பு வேலையை யார் பாக்குறது? முருகனே உட்கார்ந்து பாக்குறார். இதை நான் ரொம்ப நாள் கவனிக்கவே இல்லை. காஞ்சிபுரம் குமரக்கோட்டம் போனவங்க பார்த்திருப்பீங்க, அங்க மூலவர் இந்தக் கோலத்துலதான் இருக்கார். கையில ஜபமாலை, கமண்டலம். பிரம்மா கையில இருக்க வேண்டியது அதெல்லாம். உனக்குத் தெரியலைன்னு ஒருத்தரை இறக்கிட்டு, நாலு பேர்கிட்ட கைதட்டு வாங்கிக்கிட்டு கேன்டீன் பக்கம் போயிடல. இறக்கினவரோட வேலையைத் தானே தோள்ல எடுத்துப் போட்டுக்கிட்டார்.

அப்புறம் சிவபெருமான் நந்தியை அனுப்பி, பிரம்மாவை விடச் சொல்றார். முருகன் விடல. இங்கேயே நின்னா உன்னையும் உள்ளே வெச்சிடுவேன்னு மிரட்டி அனுப்புறார். (தம்பி, இதைப் படிச்சுட்டு ரொம்பக் குஷியாகாதே.) கடைசியில சிவனே நேர்ல வர்றார். அப்பா வந்து சொன்னதும் பிரம்மா வெளியே வர்றார். ரொம்ப நாள் சிறையில வருத்தப்பட்டுட்டியேன்னு சிவன் ஆறுதலா பேச, பிரம்மா சொல்ற பதில் என்ன தெரியுமா? உங்க பிள்ளை கொடுத்தது எனக்குத் தண்டனையாவே படல, நான்ங்கிற அகங்காரம் போய் எனக்குப் புத்தி வந்துச்சுங்கிற மாதிரி சொல்றார். குட்டு வாங்கின பெரியவரே சொல்றார் இதை.

அதுக்கு அப்புறம் வர்ற இடம்தான் என்னை ரொம்ப நாளா தொந்தரவு பண்ணுச்சு. சிவன் மகனைப் பார்த்து, அந்த அர்த்தம் உனக்குத் தெரியுமா, சொல்லுன்னு கேக்குறார். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்ற விஷயமா அதுன்னுட்டு முருகன் காதுல சொல்றார். தகப்பன் சீடனா கீழ உட்கார, பிள்ளை குருவா மேல உட்கார்ந்து உபதேசம் பண்ணின இடம் சுவாமிமலைன்னு தலபுராணம். அதனாலதான் அங்க அவருக்குச் சுவாமிநாதன்னு பேர், தகப்பன்சாமின்னு பேர். போயிருந்தா தெரியும்: ஏறிப் போக அறுபது படி, ஒவ்வொரு படிக்கும் ஒரு தமிழ் வருஷத்தோட பேர். மேல சுவாமிநாதன். கீழ மீனாட்சி சுந்தரேசுவரர். அப்பா அம்மா கீழ் தளத்துல, பிள்ளை மேல் தளத்துல. கதையை அப்படியே கட்டடமா கட்டி வெச்சுட்டாங்க.

சிவனுக்கு அர்த்தம் தெரியாதான்னு கேட்டா, தெரியும்னுதான் பெரியவங்க சொல்வாங்க. தெரிஞ்சவர் எதுக்குக் கீழ உட்காரணும்? எத்தனை உபன்யாசம் கேட்டும் எனக்கு இது ஒட்டல. ஒட்ட வெச்சது ஒரு பிசிக்ஸ் வாத்தியார். ஸ்கூல் பேர் எதுக்கு, கும்பகோணம் பக்கம்னு மட்டும் வெச்சுக்குங்க.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லியாகணும். நான் பத்தாவது முடிச்ச வருஷம் வேற ஸ்கூல்ல இருந்தேன். கடைசி டேர்ம் ஃபீஸ் பாக்கி. அப்பா பாத்திரக் கடையில வேலை பார்த்தார். டி.சி. கேட்டு ரெண்டு பேரும் போனோம். ஆபீஸ் ரூம் வாசல்ல அப்பாவை ஒன்றரை மணி நேரம் நிக்க வெச்சாங்க. பெஞ்ச் இருந்துச்சு, உக்காருங்கன்னு யாரும் சொல்லல. அப்பா கையைக் கட்டிக்கிட்டு நின்னார். எனக்குப் பாடம் எடுத்த ரெண்டு பேர் அந்த வழியா போனாங்க, எங்களைப் பார்க்காத மாதிரி. அன்னிக்கு நான் முடிவு பண்ணேன், பள்ளிக்கூடத்துல பெரியவங்கன்னு இருக்கிற எல்லாரும் ஒரே கட்சி, நான் எதிர்க்கட்சின்னு.

புது ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் சேர்ந்தேன். ரஃப் நோட்டோட கடைசிப் பக்கத்துல ஒரு ஸ்கோர் போர்டு வெச்சிருந்தேன். வாத்தியார்கள் பேருக்கு நேரா கோடு. யாரை எத்தனை தடவை மடக்கினேன்னு கணக்கு. பதினஞ்சு ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து, பாடம் படிக்கல, மடக்குறதுக்குக் கேள்வி தேடினேன். இங்கிலீஷ் மிஸ் ஒருத்தங்க இருந்தாங்க, கிராமத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வருவாங்க. அவங்க உச்சரிப்பை அவங்க முதுகுக்குப் பின்னாடி அப்படியே பேசிக் காட்டுவேன். அதுக்கு ஸ்கோர் போர்டுல தனிக் கோடு.

2012. சுனிதா வில்லியம்ஸ் ரெண்டாவது தடவையா விண்வெளி நிலையத்துல இருந்த சமயம். ஈர்ப்பியல் பாடம் நடத்திக்கிட்டே பிசிக்ஸ் சார் சொன்னார்: "அங்க ஈர்ப்பு விசை கிடையாது, அதனாலதான் அவங்க மிதக்குறாங்க." எனக்கு லட்டு மாதிரி கிடைச்சுது. எழுந்து நின்னு, "இல்லை சார், 400 கிலோமீட்டர் உயரத்துல ஈர்ப்பு விசை தொண்ணூறு சதவீதம் அப்படியே இருக்கு. புத்தகம் படிச்சுட்டு வாங்க சார்"னேன். கடைசி வாக்கியம் தேவையே இல்லை, தெரியும். அதைச் சொல்றதுக்காகத்தான் முதல் வாக்கியத்தையே சொன்னேன்.

கிளாஸ் சிரிச்சுது. சார் முகம் சிவந்துது. "உக்காருடா. நாளைக்குப் பார்ப்போம்"னார். நான் ஒரு கோடு போட்டுக்கிட்டேன். வீட்டுக்குப் போற வழியெல்லாம் நான்தான் முருகன், அவர்தான் பிரம்மா.

இந்த "நாளைக்கு"ங்கிற வார்த்தையைப் பத்தி ஒரு சின்னக் கிளைக்கதை. கச்சியப்பர் குமரக்கோட்டத்துல கந்தபுராணத்தை அரங்கேற்றினப்போ, முதல் வார்த்தையிலேயே ஒருத்தர் எழுந்து, இந்தப் புணர்ச்சிக்கு இலக்கணத்துல விதி எங்க இருக்குன்னு கேட்டாராம். முதல் அடி முருகனே எடுத்துக் கொடுத்ததுன்னு கச்சியப்பர் சொல்லியும் சபை ஒத்துக்கல. விதியைக் காட்டுன்னுட்டாங்க. கச்சியப்பருக்குக் காட்டத் தெரியல. நாளைக்குச் சொல்றேன்னு தவணை வாங்கிக்கிட்டார். மறுநாள் சோழநாட்டுல இருந்து ஒரு புலவர் வந்து வீரசோழியத்துல விதியைக் காட்டினார்னு வரலாறு சொல்வாங்க. முருகனே வந்து சொன்ன பாட்டுக்கும் கேள்வி கேக்கலாம்னு நம்ம ஆட்கள் வெச்சிருந்தாங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். கேள்வி கேட்டவரை யாரும் வெளியே அனுப்பல.

மறுநாள் சார் வந்தார். கையில ஒரு தண்ணி பாட்டில். அட்டெண்டன்ஸ் எடுக்கிறதுக்கு முன்னாடி போர்டு பக்கம் போனார். பூமியோட ஆரம் 6400, மேல 400, மொத்தம் 6800. 6400-ஐ 6800-ஆல வகுத்து அதை வர்க்கம் பண்ணினார். ஏறக்குறைய 0.89 வந்துது. சாக்பீஸை வெச்சுட்டு எங்க பக்கம் திரும்பினார். "நேத்து நான் சொன்னது தப்பு. அவன் சொன்னதுதான் சரி. இருபது வருஷமா எத்தனையோ பேருக்கு இதைத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

யாரும் சிரிக்கல. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுது.

அப்புறம் என்னைப் பார்த்து, "சரி தம்பி, ஈர்ப்பு விசை இவ்வளவு இருக்கு. அப்ப ஏன் மிதக்குறாங்க? வந்து சொல்லு"ன்னு சாக்பீஸை என் கையில கொடுத்துட்டு, நேரா முதல் பெஞ்ச்ல போய், பசங்களைத் தள்ளி உட்காரச் சொல்லிட்டு உட்கார்ந்துட்டார்.

பழிவாங்குறார்னு நினைச்சு முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாவே கேக்குற முகம் அது. நோட்டைத் திறந்து பேனா வேற எடுத்து வெச்சிருந்தார்.

நான் போர்டு முன்னாடி நின்னேன். "ஈர்ப்பு விசை இருக்கு சார்..." இன்னொரு தடவையும் அதையே சொன்னேன். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணுமே இல்லை. தொண்ணூறு சதவீதம்ங்கிற நம்பரை பிரவுசிங் சென்டர்ல படிச்சேன், மடக்குறதுக்கு அது போதும்னு அங்கேயே மூடிட்டேன். அதுக்குக் கீழ இருந்த பத்தியைப் படிக்கவே இல்லை. ஓம்னு சொன்னேன், அர்த்தம் தெரியல. அம்பது பேர் பார்க்க நின்னுக்கிட்டு இருந்தேன்.

சார் குட்டல. "பரவாயில்ல, எனக்கும் நேத்து ராத்திரிதான் தெரிஞ்சுது. வா"ன்னு எல்லாரையும் வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போனார். பாட்டில் அடியில ஆணியால ஒரு ஓட்டை போட்டிருந்தார். மாடி வராந்தாவுல இருந்து ஒருத்தன் பாட்டிலைப் பிடிச்சான், ஓட்டை வழியா தண்ணி கம்பி மாதிரி கொட்டுது. "விடுடா"ன்னார். விட்டான். பாட்டில் கீழ விழுற அந்த ஒரு செகண்ட், தண்ணி கொட்டுறது நின்னு போச்சு. பாட்டிலும் விழுது, தண்ணியும் அதே வேகத்துல விழுது, அப்ப தண்ணி எதை விட்டு வெளியே வரும்? சுனிதா வில்லியம்ஸும் இப்படித்தான், விண்கலமும் அவங்களும் சேர்ந்தே விழுந்துக்கிட்டு இருக்காங்க, பக்கவாட்டுல அவ்வளவு வேகமா போறதால விழுற இடத்துல பூமி வளைஞ்சு விலகிக்கிட்டே இருக்குன்னு சொன்னார். மூணு தடவை பாட்டிலைப் போட்டோம். மூணாவது தடவை நான்தான் பிடிச்சேன்.

அப்பத்தான் எனக்குச் சுவாமிமலை புரிஞ்சுது. அன்னிக்கே புரிஞ்சுதுன்னு சொன்னா பொய். அந்த முதல் பெஞ்ச் மனசுல உட்கார்ந்துடுச்சு, அடுத்த தடவை அம்மாவோட சுவாமிமலை போனப்போ கீழ்ச் சன்னதியில நிக்கும்போது சட்டுனு ஒட்டிக்கிச்சு. பதிலைத் தெரிஞ்சுக்கிட்டுதான் சார் வந்திருந்தார், பாட்டில்ல ஓட்டை போட்டுட்டு வந்த மனுஷன். முந்தின நாள் அவமானப்படுத்தின பையனுக்கு மேடையைக் கொடுத்துட்டு, தான் கீழ உட்கார அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. நான் மேல நின்னேன், எனக்கு ஒண்ணும் தெரியல. அவர் கீழ இருந்தார், அவருக்குத் தெரிஞ்சிருந்துது.

அதுக்கு அப்புறம் நான் ஒரே நாள்ல நல்ல பையன் ஆயிட்டேன்னு நினைச்சுடாதீங்க. ஸ்கோர் போர்டு பக்கத்தைக் கிழிக்கல, ஆனா புதுக் கோடு போடத் தோணல. கேள்வி கேக்குறதை நிறுத்தல, இன்னும் அதிகமாத்தான் கேட்டேன். ஆனா கேக்குறதுக்கு முன்னாடி, இதுக்குப் பதில் எனக்கு வேணுமா, இல்லை அவர் முழிக்கிறது வேணுமான்னு உள்ளே ஒரு குரல் கேக்க ஆரம்பிச்சுது. பாதி நேரம் அந்தக் குரலுக்கு நான் பதில் சொல்லல. இன்டர்வெல்ல வேப்பமரத்தடியில அதே சார் எங்க பாடப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு பென்சில்ல கோடு போட்டுக்கிட்டு இருப்பார். முன்னாடியும் அப்படித்தான் இருந்திருப்பார், நான் பார்த்ததில்லை. இங்கிலீஷ் மிஸ் மாதிரிப் பேசிக் காட்டுறதை விட்டேன். வேற பசங்க பேசிக் காட்டினப்போ தடுக்கவும் இல்லை. அது எனக்கு இன்னும் உறுத்துது. எல்லாரும் ஒரே கட்சின்னு நான் போட்டு வெச்சிருந்த கணக்கு மெதுவா உடைஞ்சு, ஆள் ஆளா தெரிய ஆரம்பிச்சாங்க. சிலர் நிஜமாவே மோசம்தான். டஸ்டரைத் தூக்கி எறியுற ஒருத்தர் கடைசி வரைக்கும் மாறல. பழைய ஸ்கூல்ல அப்பாவை நிக்க வெச்சவர் மேல எனக்கு இன்னிக்கும் கோபம் இருக்கு. அது போகணும்னு முருகன்கிட்ட நான் வேண்டிக்கிட்டதும் இல்லை.

இப்ப ஆபீஸ்ல நான் சீனியர். போன வருஷம் புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு, நான் எழுதின கோடுல ஒரு வரியைக் காட்டி, "இது எதுக்குண்ணா?"ன்னு கேட்டுச்சு. எங்கேயோ இருந்து காப்பி பண்ணி ரெண்டு வருஷமா அப்படியே ஓடிக்கிட்டு இருக்கிற வரி. "அது அப்படித்தான்மா, தொடாதே"ன்னேன். சொல்லி முடிச்சதும் நாலு தலையிலும் வலிச்ச மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் கூப்பிட்டு, எனக்கும் தெரியல, சேர்ந்து பார்ப்போமான்னு கேட்டேன். அந்த வரி தேவையே இல்லைன்னு தெரிஞ்சுது. இதைச் சொல்ல எனக்கு நாலு மணி நேரம் ஆச்சு. பிசிக்ஸ் சார் அம்பது பேர் முன்னாடி சொன்னார்.

இதையெல்லாம் தம்பிகிட்ட போன்ல சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டான். "உங்க சார் இறங்கி வந்தார். எங்க சார் வரலையே அண்ணா. அப்ப நான் மட்டும் எதுக்குப் போகணும்?"

எனக்குப் பதில் தெரியல. தெரியலைன்னே சொன்னேன். கிருத்திகைக்கு ஊருக்கு வர்றேன், சுவாமிமலை போகலாம்னேன்.

போனோம். நல்ல கூட்டம். அறுபது படியும் ஏறி, சுவாமிநாதனைத் தரிசனம் பண்ணிட்டு இறங்கி வந்தோம். கீழ சுந்தரேசுவரர் சன்னதியில கூட்டமே இல்லை, எல்லாரும் நேரா மேலதானே போறாங்க. அங்க கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். தம்பி விபூதியை நெத்தியில பூசிக்கிட்டே, "பிரம்மாவை உள்ளே போட்டப்புறம் அவர் வேலையை முருகனே பார்த்தார்னு சொன்னீங்கல்ல, அது நிஜமா கந்தபுராணத்துல இருக்கா?"ன்னான். இருக்குன்னேன். வேற ஒண்ணும் பேசல. வெளியே வந்து டீ குடிச்சோம்.

திங்கட்கிழமை சித்தியோட ஸ்கூலுக்குப் போயிருக்கான். சாயங்காலம் அவனே போன் பண்ணினான்.

"நான் சொன்னது சரி சார், ஆனா சொன்ன விதம் தப்பு, மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேண்ணா."

"சார் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. போய் உக்காருன்னார்."

"அந்த மைனஸ் குறி?"

"அதை இன்னும் அவர் திருத்தல. நான் என் நோட்ல சரியா போட்டு வெச்சிருக்கேன். பக்கத்துல உக்கார்றவனுக்கும் போட்டுக் காட்டிட்டேன், அவன் பின்னாடி பெஞ்சுக்குக் காட்டியிருக்கான்."

ஸ்டேட்டஸை அவன் இன்னும் மாத்தல. நானும் மாத்தச் சொல்லல.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!